கலிமந்தான் மாமா கை நனைத்த கதை

எங்கள் வீதியிலிருந்து வெளிநாடு போனவர்கள் திரும்பும்போது டேப் ரெக்கார்டர் கொண்டு வந்தார்கள், சென்ட் பாட்டில் கொண்டு வந்தார்கள். என் சின்ன மாமா நிலக்கரி கொண்டு வந்தார். கை நிறையும் அளவுக்கு ஒரே ஒரு கட்டி. அதைச் செய்தித்தாளில் சுற்றி, பனியன்களுக்கு நடுவே பத்திரமாக வைத்து, விமானம் ஏற்றிக் கொண்டு வந்திருந்தார். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு இஸ்திரிக்காரர் வண்டிப் பக்கம் போயிருந்தாலே போதுமே என்றாள். மாமா கொஞ்சமும் அசரவில்லை. வெயிலில் பிடித்து அதன் மினுமினுப்பைக் காட்டி, இது மலைக்குள்ளிருந்து வந்தது அக்கா என்றார்.

சின்ன மாமா அம்மாவுக்குத் தம்பி. பீளமேட்டில் ஒரு பம்புப் பட்டறையில் வேலை பழகியவர். தண்ணீர் இறைக்கிற எந்த மோட்டாரும் அவர் கை பட்டால் ஓடும். அந்தக் கையைத் தேடி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இந்தோனேசியாவிலிருந்து ஆள் வந்தது. போர்னியோ தீவில் கலிமந்தான் என்று ஒரு பகுதி. அங்கே மலையை வெட்டி நிலக்கரி எடுக்கிறார்கள். நாள் தவறாமல் மழை கொட்டும். குழியில் தேங்கும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி வெட்ட முடியும். அதற்குக் கோயமுத்தூர் ஆள் வேண்டும் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரின் புகழ் கடல் தாண்டி அதுவரைக்கும் போயிருந்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கலிமந்தான் எங்கே இருக்கிறது என்று வகுப்பில் யாரும் கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுவேன்.

அடுத்த வருடம் மாமா விடுப்பில் வந்தபோது, சாயங்காலமானால் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்துவிடும். அங்கே ஓடுகிற லாரியின் சக்கரம் எங்கள் வீட்டு வாசற்படியை விட உயரம் என்பார். ஆறு காப்பி நிறத்தில் ஓடும், கரியை மலை மாதிரி குவித்த படகுகள் அதில் வரிசையாகப் போகும் என்பார். மலையில் புதிதாக ஒரு பக்கத்தை வெட்டுவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் வந்து, மஞ்சள் சோறும் முட்டையும் படைத்து, கோழி அறுத்து, மலையிடம் அனுமதி கேட்பாராம். கம்பெனி அதிகாரிகள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கிறவரை தலைகுனிந்து நிற்பார்களாம். பகலில் அந்தப் பெரிய லாரியை ஓட்டுகிற அதே ஆட்கள் அறுப்புத் திருவிழாவில் இருவாட்சிப் பறவையின் இறகைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுவார்களாம். மாமாவும் ஆடியிருக்கிறார். ஆடிக் காட்டச் சொன்னோம். காட்டினார். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அங்கிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார்.

கரிக்கட்டியோடு மாமா இன்னொன்றையும் கொண்டு வந்திருந்தார். அதுதான் எங்களைப் படாதபாடு படுத்தியது.

கலிமந்தானில் யாராவது உங்களுக்குச் சோறோ காப்பியோ கொடுத்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. போனால் வழியில் ஏதாவது கெட்டது நடக்கும். பாம்பு கடிக்கும், லாரி கவிழும், மண் சரியும். வயிற்றில் இடமில்லை, நேரமில்லை என்றால் விரலால் அந்தச் சாப்பாட்டைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டால் போதும். தொடாமல் மட்டும் போகக் கூடாது. மாமா போன புதிதில் இது தெரியாமல், ஒரு லாரி டிரைவர் வீட்டில் கொடுத்த காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவசரமாகக் குழிக்குப் போயிருக்கிறார். அன்று மத்தியானமே பம்பின் ஹோஸ் வெடித்து மாமாவைச் சேற்றில் தூக்கி அடித்தது. ஓடி வந்தவர்கள் அடிபட்டதா என்று கேட்கவில்லை. யார் வீட்டில் வேண்டாம் என்று சொன்னாய் என்றுதான் கேட்டார்களாம். சேறும் சகதியுமாக அந்த வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். டிரைவரின் மனைவி ஆறிப்போன அதே காப்பியோடு வாசலில் நின்றிருந்தாளாம். அன்றிலிருந்து மாமா எதையும் மறுத்ததில்லை.

இதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று அம்மா கேட்டாள். மாமா அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நான் நம்பறனோ இல்லியோ, சோறு குடுத்தவிங்க நம்பறாங்கக்கா. நாம தொடாமப் போனா, நாம திரும்பி வர்றவரைக்கும் அவிங்களுக்கு உசுரே இருக்காது."

அந்த ஊரில் இது நல்ல பழக்கமாகவே இருக்கலாம். கோயமுத்தூரில் இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது? எங்கள் மக்களுக்குச் சோற்றுப் போசியின் மூடியைத் திறந்தால், எதிரே யார் இருந்தாலும் "சாப்பிடலாம் வாங்க" என்று சொல்லாமல் கை உள்ளே போகாது. தபால்காரரிடம் சொல்வார்கள், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் சொல்வார்கள். அவரும் "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். யாராவது சரி என்று உட்கார்ந்துவிட்டால் சொன்னவருக்கே தூக்கிவாரிப் போடும். ஒரு நாள் காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் எதிர் சீட்டு அம்மா தயிர்சாதத்தைத் திறந்து, வழக்கப்படி எங்களைப் பார்த்து "சாப்பிடறீங்களா" என்றார். மாமா "ஒரே நிமிசமுங்க" என்று எழுந்து போய், விரலை விட்டு, தொட்டு நாக்கில் வைத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மா மூடியைப் போட்டு, அடுத்த நிறுத்தத்தில் முன் சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

நானோ இந்தப் பழக்கத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். கடித்த கொய்யாக்காய், சப்பிய மாங்கொட்டை, எனக்குப் பிடிக்காத பாகற்காய்ப் பொரியல் என்று எது கிடைத்தாலும் மாமா முன்னால் நீட்டுவேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் கையை நீட்டித் தொட்டே ஆக வேண்டும். வீட்டில் எல்லோரும் என்னை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த காலத்தில், நான் ஆட்டிவைக்க ஒருவர் கிடைத்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

விடுப்பு முடிவதற்குள் மாமாவுக்குக் கல்யாணம் பேசி முடிக்க வேண்டும். அதைப் பெரிய மாமா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவருக்குச் சொந்தமாக லேத் பட்டறை இருந்தது. அங்கே எதையும் ஒரு முறை அளந்தால் மறுமுறை அளக்க மாட்டார். கல்யாணத்தையும் அப்படியே அளந்து, கோபிச்செட்டிபாளையத்தில் ஜவுளிக்கடையும் வாழைத்தோட்டமும் உள்ள ஒரு குடும்பத்தில் பெண்ணை முடிவு செய்துவிட்டார். சின்ன மாமா போட்டோவைப் பார்த்து சரி என்றார். எதை நீட்டினாலும் மறுக்காத மனிதர் இதை மட்டும் எப்படி மறுப்பார்?

நடுவில் அப்பா ஒரு சிக்கலைச் செய்துவைத்திருந்தார். அவரோடு மில்லில் வேலை பார்த்தவர் சென்னிமலையில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்ல, அப்பா யாரையும் கேட்காமல் வந்து பார்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பெட்ஷீட் நெய்கிற குடும்பம். இனிமேல் வரவில்லை என்று சொன்னால் மரியாதையாக இருக்காது. கடைசியில், காலையில் சென்னிமலைக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, சாயங்காலம் கோபியில் உறுதி செய்துகொள்வது என்று பெரிய மாமா ஏற்பாடு செய்தார். கோபி வீட்டுக்கான தாம்பூலத் தட்டு, பழம், பூ, சேலை எல்லாம் வாடகை அம்பாசடர் காரின் டிக்கியில் ஏறின. சின்ன மாமாவின் மடியில் நான் ஏறினேன்.

காரில் பெரிய மாமா பாடம் நடத்தினார். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி குடிக்கலாம், பலகாரம் கொறிக்கலாம். ஆனால் கையைக் கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்காரக் கூடாது. கை நனைத்துவிட்டால் அந்த வீட்டோடு சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் கலிமந்தானிலிருந்து வந்தவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. யாராவது சாப்பிடச் சொன்னால் என்ன செய்வது என்று சின்ன மாமா கவலையோடு கேட்டார். பெரிய மாமா முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"ஒரு வெரல்ல தொட்டு நாக்குல வெச்சுக்க. அதுக்கு மேல ஒரு பருக்கை உள்ள போச்சு, அப்பறம் கோபி கெடையாது பாத்துக்க."

ஒரு விரல் நனைந்தால் கை நனைந்ததாகாது என்று அவர் தீர்ப்புச் சொன்னதும் காரில் எல்லோருக்கும் நிம்மதி வந்தது.

சென்னிமலையில் அந்த வீட்டுக்குள் நுழையும்போது பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் நின்றது. பெண்ணின் அப்பா நல்ல மனிதர், ரொம்பப் பயந்த சுபாவம். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் உட்காராமலே நின்றார். பெண் காப்பி கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். அத்தோடு தலைகுனிந்து உள்ளே போயிருக்க வேண்டும். நான் அதுவரை பார்த்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். இவள் வெறும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நேராகச் சின்ன மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, எங்க தறிக்குழியிலயே மழைக்காலத்துல ஊத்து எடுக்குமுங்க. அவ்வளவு பெரிய குழியில தண்ணிய என்னங்க பண்ணுவீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

சின்ன மாமா வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, பாம்புக்கறி தின்றாயா, தங்கம் அங்கே மலிவா? அவர் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவள்தான். மாமா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முறுக்குத் தட்டு மலையானது. காப்பி டம்ளர்கள் பம்புகளாயின. அடியில் ஒரு பம்பு, அது பாதி மேட்டில் உள்ள தொட்டிக்கு ஏற்றும், அங்கிருந்து இன்னொரு பம்பு. பெரிய மாமா குடிக்காமல் வைத்திருந்த டம்ளரையும் கேட்டு வாங்கி மேலே வைத்தார். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். மாமாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! நான் மாங்கொட்டையை நீட்டியபோதெல்லாம் அவர் சிரித்திருக்கிறார்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு.

பெண்ணின் அப்பா மெல்ல இருமியதும் அவள் உள்ளே போனாள். எனக்குத் தண்ணீர் தவித்தது. தவிக்காவிட்டாலும் போயிருப்பேன். சமையலறைப் பக்கமிருந்து அரிசிம்பருப்பு சாதம் வெந்து இறங்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

அவள் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, உங்கள் மாமா எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். என் வாயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? சக்கரத்தின் உயரத்திலிருந்து தொடங்கினேன். ஆறு, படகு, மஞ்சள் சோறு, இறகு வைத்து ஆடியது எல்லாம் சொன்னேன். அங்கே குடும்பத்தோடு இருக்க முடியுமா என்று கேட்டாள். இருக்கலாம், மரக்கால் மேல் வீடு கட்டியிருப்பார்கள், அடியில் கோழி மேயும் என்றேன். பிறகு சாப்பாட்டுக் கதைக்கு வந்தேன். தொடாமல் போனால் லாரி கவிழும் என்றும், அதனால் மாமா எதையும் மறுக்க மாட்டார் என்றும், ஆனால் உங்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று பெரிய மாமா சொல்லியிருக்கிறார் என்றும், ஏனென்றால் சாயங்காலம் கோபியில் உறுதி செய்யப் போகிறோம் என்றும், சேலை மாம்பழக் கலர் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கட்டாயம் தின்னே ஆகோணுமா அம்மணி, இல்ல தொட்டாலே போதுமா?"

"ஒரு வெரல்ல தொட்டாலே போதுமுங்கக்கா" என்று நான் விளக்கமாகச் செய்தே காட்டினேன். சரி, நீ போ கண்ணு என்றாள்.

நான் திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று பெரிய மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் அப்பா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார், முகம் வாடிவிட்டது. சின்ன மாமா டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, தேவையில்லாமல் ரொம்ப நேரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது அவள் வந்தாள். ஒரு கையில் தட்டு நிறைய ஆவி பறக்கும் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய் உருகிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் சொம்பு. சின்ன மாமா எதிரில் வந்து நின்றாள்.

"சாப்பிட்டுப்போட்டுப் போங்க."

தறிக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எட்டிய கழுத்தோடு நின்றார்கள். பெரிய மாமா கண்ணால் ஜாடை காட்டி, ஆள்காட்டி விரலை ஒன்று என்று உயர்த்தினார். சின்ன மாமா அந்த விரலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சொம்பை வாங்கி, வாசலுக்குப் போய், இரண்டு கையையும் மணிக்கட்டு வரை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பாவம், பயத்தில் சட்டத்தையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த வீட்டில் அவரைக் காப்பாற்றக் கூடிய ஒரே ஆள் நான்தான். பக்கத்தில் ஓடிப் போய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மாமா, தொட்டாப் போதுமுங்க. திங்க வேண்டியதில்லீங்க."

"தெரியும் கண்ணு" என்றார் மாமா. சோற்றைப் பிசைந்து ஒரு பெரிய கவளமாக வாயில் போட்டார்.

தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நிதானமாக, ரசித்து, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி. அவள் பரிமாறிக்கொண்டே நின்றாள். பெண்ணின் அப்பா முதல் முறையாக உட்கார்ந்தார். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பெரிய மாமா உயர்த்திய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அதால் காதைச் சொறிந்துகொண்டார். தம்பி ஏப்பம் விட்டு எழுகிற வரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு அப்பாவைப் பார்த்தார்.

"மச்சான், டிக்கியத் தொறங்க."

கோபிக்கு வாங்கிய தட்டும் பழமும் பூவும் மாம்பழக் கலர் சேலையும் சென்னிமலையில் இறங்கின. இனி என்ன என்று எல்லோரும் கை நனைத்தோம். சாதம் போதாமல் மறுபடி உலை வைத்தார்கள். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கோபிக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். தான் சொன்ன இடமே முடிந்துவிட்ட சந்தோஷத்தில், துக்கச் செய்தி சொல்கிற குரல் அவருக்கு வரவே இல்லையாம். கோபிக்காரர்கள் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை. பெண்ணின் அம்மாவுக்கு மகளைக் கடல் தாண்டி அனுப்ப முதலிலிருந்தே மனசில்லை, இப்போது நன்றாகத் தூங்குவாள் என்றார்களாம்.

அந்தத் தட்டு ஒரு கேள்வி. வேண்டாம் என்றால் ஒரு விரலோடு மரியாதையாக எழுந்து போகவும் அதில் வழி வைத்திருந்தாள். மாமா சொன்ன பதிலும் அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் புரிந்திருந்தது. கேள்விக்கு வேண்டிய விவரம் அத்தனையும் கொண்டு போய்க் கொடுத்த எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. மாமா காலையில் இரண்டே இட்லியோடு கிளம்பினார், அதனால் நல்ல பசி என்று முடிவு செய்துகொண்டேன். பெரிய மாமா வழியெல்லாம் பேசாமல் வந்ததால், அவரிடமும் அதை எடுத்துச் சொல்லி ஆறுதல்படுத்தினேன்.

கல்யாணம் சென்னிமலையிலேயே நடந்தது. கோபிப் பெண் என்றார்களே, எப்படி மாறியது என்று வந்தவர்கள் குசுகுசுவென்று கேட்டார்கள். நேரில் பார்த்த சாட்சி என்ற முறையில் ஒருவர் விடாமல் நானே விளக்கினேன். மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மாமாவுக்கு அன்றைக்குப் பசி தாங்கவில்லை, வேறு ஒரு காரணமும் இல்லை என்று ஒரு பெரியவரிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். புது அத்தை முகத்தை மாலைக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. பிறந்த வீட்டை விட்டுப் போகிறாளே, பாவம், அழுகிறாள் என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது. அழாதீங்க அத்தை என்று சொல்லி என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் நிமிராமலே அதை வாங்கி வாயில் திணித்துக்கொண்டாள்.